அஸ்வினிக்குள் ஒன்பது பேர்

ரத்தப் பை கைக்கு வந்ததும் ஹம்சவேணி செய்கிற முதல் காரியம், அதற்கு ஓர் ஆளைக் கொடுப்பது.

"இன்னிக்கு வந்திருக்கிறது யாரு தெரியுமா? கண்டக்டர் காளை. ராத்திரி காதுக்குள்ள விசில் சத்தம் கேட்டா பயந்துடக் கூடாது."

மதுரையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பதினாறு வருடங்களாக இந்த விளையாட்டு நடக்கிறது. தொடங்கிவைத்தது ஒரு பையன். சிவப்புப் பையைப் பார்த்துவிட்டு, யாரையோ கொன்று ரத்தத்தைப் பிடித்து வந்துவிட்டார்கள் என்று கத்தி ஊரைக் கூட்டினான். யாரையும் கொல்லவில்லை, இது ஒரு பரோட்டா மாஸ்டர் தானாக வந்து கொடுத்தது, கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்து பிஸ்கட் தின்று கடைக்குப் போய் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார் என்று ஹம்சவேணி வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அந்தக் கைத்தெம்பு அப்படியே உனக்கு வரும் பாரு." பையன் பையைப் பார்த்தான், தன் குச்சிக் கையைப் பார்த்தான், பிறகு கையை நீட்டினான்.

அன்றிலிருந்து எத்தனையோ பேர் அவருடைய கற்பனையிலிருந்து இறங்கிவந்து குழந்தைகளின் நரம்புக்குள் போயிருக்கிறார்கள். பூக்கடை பாண்டிமீனா, ஆட்டோ சலீம் பாய், கணக்கு டீச்சர் தெரசா, தெருக் கூட்டும் ராக்கம்மாள், கொத்தனார், மீன் அரியும் அக்கா. ஓர் அமைச்சரோ ஆலை முதலாளியோ ஒரு பையிலும் வந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "அவங்களுக்கு ஏது நேரம்?" என்பார். கொடுத்தவர் யாரென்று ரத்த வங்கி சொல்லாது, இவரும் கேட்கமாட்டார். பிள்ளைகளிடமும் மறைப்பதில்லை. இது சும்மா ஒரு விளையாட்டு, ஆனால் நிஜமாகவே ஓர் ஆள் கொடுத்தது என்று சொல்லிவிடுவார். பிள்ளைகள் முதல் பாதியை மறந்துவிடுவார்கள்.

ஹம்சவேணிக்கு நாற்பத்தாறு வயது. வீடு பழங்காநத்தத்தில். வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். அப்பா ராதாகிருஷ்ணன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். மகள் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "யார் யார் ரத்தத்தையோ தொடணுமேம்மா?" பதினெட்டு வயதுப் பெண் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "சாயத் தொட்டியில கைய விடறப்ப யாரு கட்டப் போற சேலைன்னு கேட்டாப்பா விடறீங்க?" அப்பா சிரித்துவிட்டார். அம்மா ரங்கநாயகி சிரிக்கவில்லை. மகள் வேலை முடிந்து வந்தால் கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வரவேண்டும் என்று இரண்டு வருடம் சட்டம் வைத்திருந்தார். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத ஒரு கோடையில் அந்தச் சட்டம் தானாகவே செத்தது. அதற்குப் பிறகு யாரும் அதை எழுப்பவில்லை, வீட்டில் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

ஆகவே தீட்டைப் பற்றி ஹம்சவேணிக்கு வெளியாட்கள் சொல்லித்தரத் தேவையில்லை. அது தன் வீட்டு அடுப்படியிலேயே குடியிருந்ததைப் பார்த்தவர் அவர்.

ரத்தம் ஏற்றுவதோடு இன்னொரு வேலையும் அவர் பொறுப்பு. துணி துவைக்கும் இயந்திரம் அளவில் சக்கரம் வைத்த ஒரு கருவி அவருடைய அறையில் நிற்கிறது. சில வகைப் புற்றுநோய்க்குக் கடைசியில் மிகக் கடுமையான மருந்து கொடுக்கவேண்டும். அது கட்டியின் மிச்சத்தைக் கொல்லும், கூடவே எலும்பு மஜ்ஜையையும் துடைத்துவிடும். மஜ்ஜை போனால் புது ரத்தம் ஊறாது. அதனால் முன்கூட்டியே குழந்தையின் மூல செல்களை எடுத்து உறையவைத்துக்கொண்டு, கடும் மருந்து முடிந்தபின் திருப்பி ஏற்றுவார்கள். மூல செல்கள் எலும்புக்குள் ஒளிந்திருப்பவை. ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டால் அவை கூட்டமாக ரத்தத்துக்குள் இறங்கிவரும். அந்த நேரம் பார்த்துக் குழந்தையை இயந்திரத்தோடு இணைக்கவேண்டும். ஒரு குழாய் வழியாக ரத்தம் போகும், உள்ளே சுழலும், வேண்டிய செல்கள் மட்டும் ஒரு சிறு பையில் சேரும், மற்றதெல்லாம் இன்னொரு குழாய் வழியாகக் குழந்தைக்கே திரும்பும். தவறவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். மறுபடி மருந்து, மறுபடி ஊசி, முன்பைவிடக் களைத்த எலும்பு.

சித்திரை முடிகிற சமயம், அந்த ஐந்து ஊசியையும் போட்டுக்கொண்டு காத்திருந்தவள் அஸ்வினி. எழுமலைப் பக்கத்துப் பிள்ளை, ஐந்து வயது, பதினைந்து கிலோ. வயிற்றுக்குள் சிறுநீரகத்தின் மேலே தொடங்கிய கட்டி. அப்பா அருள்பாண்டி சிங்கப்பூரில் கட்டட வேலை, நோய் தெரிந்தபோது ஓடிவந்து லீவு முடிந்து திரும்பிப் போனவன். அம்மா சத்யப்ரியா மட்டும் தை மாதத்திலிருந்து மருத்துவமனையும் பக்கத்துத் தெரு வாடகை அறையுமாக அலைகிறாள்.

மூன்றாவது ஊசியிலேயே அஸ்வினிக்கு எலும்பெல்லாம் வலித்தது. "முட்டிக்குள்ள யாரோ கதவத் தட்டுறாங்க சிஸ்டர்."

"தட்டட்டும். வெளிய வரணும்ல அவங்க."

"தெறந்து விடுங்களேன்."

"வெள்ளிக்கிழமை தெறக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்திலிருந்து எண் வந்தது. நல்ல எண். மூல செல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கியிருந்தன. மருத்துவர் தமிழ்வாணி எட்டிப் பார்த்து, "வேணி சிஸ்டர், இன்னிக்கே, இப்பவே. நாளைக்கு இந்த நம்பர் இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் மருத்துவமனை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

வேனிலிருந்து பதினோரு ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் நல்லகாமன், அருள்பாண்டியின் தகப்பனார். அறுபத்தெட்டு வயது, வெள்ளை வேட்டி, இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு காகிதம். பேத்திக்கு இன்று இயந்திரம் வைக்கிறார்கள், அதற்கு ரத்தம் வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதர் மூன்று நாள் தூங்கவில்லை. சொந்தபந்தத்தில் பி பாசிட்டிவ் யார் யார் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். குடிப்பவர்களைக் கழித்திருக்கிறார். வெற்றிலைக்காரர் ஒருவரையும் சந்தேகத்தின்பேரில் கழித்திருக்கிறார். மிஞ்சிய பத்துப் பேரின் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தன. ஒரு பிள்ளைமேல் எத்தனை பாசம் இருந்தால் ஒருவர் இப்படிச் செய்வார் என்று ஹம்சவேணிக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த வாக்கியம் வரும் வரைதான்.

"எல்லாம் நம்ம ஆளுக சிஸ்டரு. வெளியாளு ஒருத்தன் கெடையாது."

ஹம்சவேணி அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார். "ஐயா, இந்த மிசினு குழாய் நெறைய ரத்தம் பிடிக்கும். அஸ்வினி உடம்புல மொத்தமே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அதுல கால்வாசி குழாய்க்குப் போயிட்டா பிள்ளை மயங்கிடும். அதனால மொதல்ல வேற ரத்தத்தைக் குழாயில நெரப்பிட்டு..."

"வெவரமெல்லாம் மருமக சொல்லிருச்சு. பிள்ளையோட செல்லை வெதை மாதிரி எடுத்து வைக்கிற கதையும் சொல்லிருச்சு. அதுக்குத்தான் ஆளக் கூட்டியாந்திருக்கேன்."

"சொந்தக்காரங்க ரத்தம் இந்தப் பிள்ளைக்கு ஆகாதுங்க ஐயா."

வேன் ஓட்டிவந்த சூரியபிரகாஷ், பெரியவருக்கு மருமகன் முறை, பெஞ்சுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஆகாதா? ஏன் சிஸ்டர், விடியக்காலமே ஈரல் வறுவல் தின்னுட்டு வந்திருக்கோம்."

ஹம்சவேணி பொறுமையாகச் சொன்னார். கொடுப்பவரின் வெள்ளையணுக்கள் அந்நியமாக இருந்தால் குழந்தையின் உடம்பு அடையாளம் கண்டு விரட்டிவிடும். நெருங்கிய சொந்தம் என்றால் அவை குழந்தையின் அணுக்கள் மாதிரியே இருக்கும். நம்ம ஆள் என்று உடம்பு உள்ளே விட்டுவிடும். உள்ளே குடியேறிய பிறகு அவை குழந்தையின் தோலை, ஈரலை, மஜ்ஜையைத் தாக்கத் தொடங்கினால் காப்பாற்றுவது பெரும் கஷ்டம். அதைத் தடுக்க எந்தப் பையையும் கதிர்வீச்சு காட்டித்தான் ஏற்றுவார்கள், அப்படியும் சொந்தத்தின் ரத்தத்தை இங்கே ஏற்றமாட்டார்கள். அத்தை மகள் மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் ஆபத்து இன்னும் அதிகம்.

"அப்ப யாரோடத ஏத்துவீக?"

"ரத்த வங்கியில இருக்கிறதை."

"யாரு குடுத்தது?"

"தெரியாதுங்க."

"எந்த ஊரு ஆளு, என்ன ஆளுகன்னாவது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

நல்லகாமன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா வேணாம்மா. எவனோ ஒருத்தன் ரத்தம் எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஏறாது. இன்னைக்கு விட்டுட்டு வேற வழி பாப்போம். நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரியாத ஒன்றை, பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, கடைசியில் தெருவைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடும் கெட்டிக்காரத்தனம் இந்த நாட்டில் மட்டும்தான் விளைகிறது. அதைப் பயிர்செய்பவர்கள் கொடியவர்களாக இருந்தாலாவது கோபப்பட வசதியாக இருக்கும். பேத்திக்காக மூன்று நாள் தூங்காதவரும் அதைத்தான் பயிர்செய்கிறார்.

ஹம்சவேணியின் நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. சொன்னால் வழக்கு முடிந்தது. ஆனால் பெரியவருக்குப் பின்னால் சுவரோரம் நின்ற சத்யப்ரியா தலையை லேசாக, பயத்தோடு, இல்லை என்று ஆட்டினாள்.

விஷயம் இதுதான். தை மாதத்திலிருந்து நாலு சுற்று மருந்து. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அஸ்வினியின் ரத்த அளவு தரைக்கு இறங்கியது. இதுவரை ஒன்பது பை ஏறியிருக்கிறது. ஒன்பதுக்கும் கையெழுத்துப் போட்டவள் சத்யப்ரியா. ஊரில் சொல்லவில்லை. முதல் தடவை போனில் சொல்ல வாயெடுத்தபோது மாமனார், "ரத்தம் கித்தம்னா சொல்லு, நம்ம ஆளுகளக் கூட்டியாரேன்" என்றார். அன்றே அவள் வாயை மூடிக்கொண்டாள். சட்டப்படி அம்மாவின் கையெழுத்து போதும், இன்றைக்கும் போதும். தமிழ்வாணி அதை நேற்றே சொல்லிவிட்டார். படிவம் சத்யப்ரியாவின் கையில்தான் இருந்தது, பேனாவும் இருந்தது. மாமனார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேனாவுக்கு ஒரு மூட்டை நெல்லின் கனம்.

"ஐயா, பிள்ளையை ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார் ஹம்சவேணி. நேரம் வாங்குவதற்காகத்தான் சொன்னார். அதைவிடப் பெரிய தவறு அன்று அவர் செய்யவில்லை.

அஸ்வினி இயந்திரத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கழுத்தோரம் கட்டுப் போட்டு, அதிலிருந்து இரண்டு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. தலையில் ஒரு முடி இல்லை. தாத்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நல்லகாமன் கட்டுப் போட்ட பக்கம் பார்க்காமல் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போவமா தங்கம்?"

"இன்னிக்கு வேணாம் தாத்தா. இன்னிக்குப் பத்தாவது ஆளு வருவாங்க."

"எந்த ஆளு?"

"எனக்குள்ள வர்ற ஆளு." அஸ்வினிக்கு இத்தனை நாள் இந்தப் பெருமையைச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், தெரிந்தவர்களிடம் சொல்லி என்ன பயன்? விரலை மடக்கத் தொடங்கினாள். "மொதல்ல கண்டக்டர் காளை. அப்பறம் ஆட்டோ சலீம் பாய். அவரு வந்தப்ப கை குறுகுறுன்னுச்சு. அப்பறம் தெரசா டீச்சர், பூக்கடை பாண்டிமீனா அக்கா. அப்பறம் தெருக் கூட்டுற ராக்கம்மா. அவங்க வந்த அன்னிக்குத்தான் நான் எந்திரிச்சு நடந்தேன். கதவு வரைக்கும் நடந்தேன், இல்லம்மா? மத்த நாலு பேரும் உள்ள தூங்குறாங்க, பேரு மறந்துருச்சு."

ஹம்சவேணிக்குக் காது சூடேறியது. அம்மா காத்த ரகசியத்தைத் தன் விளையாட்டே காட்டிக்கொடுத்துவிட்டது. பெயர்களையாவது பார்த்து வைத்திருக்கலாம். இல்லை, பார்த்துப் பார்த்துத்தானே வைத்தார்.

நல்லகாமன் பேத்தியின் பாதத்தை விடவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"ஏத்தியிருக்கா?"

"ஆமா மாமா."

"எம்புட்டு?"

"ஒம்பது பை."

"அருளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது." பாதத்தை மெத்தைமேல் மெல்ல வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

ஹம்சவேணி சத்யப்ரியாவின் கையைப் பிடித்தார். "என்னை மன்னிச்சிரும்மா. என் வாயில..."

"விடுங்க சிஸ்டர்." சத்யப்ரியாவின் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "நாலு மாசமா இது தொண்டையில மீன் முள்ளு மாதிரி நின்னுச்சு. எறங்கிருச்சு." படிவத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுசாக எழுதினாள். "பைக்குச் சொல்லிவிடுங்க."

ஹம்சவேணி ரத்த வங்கிக்குச் சொல்லிவிட்டு இயந்திரத்தைத் தயார்செய்தார். கை தன் வேலையைச் செய்தது, காது வாசலிலேயே இருந்தது. பெரியவர் நாலு ஆளோடு வந்து பிள்ளையைத் தூக்கினால் என்ன செய்வது? கழுத்தில் குழாயோடு அறுபது கிலோமீட்டர் வேனில். யோசிக்கவே பிடிக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து நல்லகாமன் தனியாக வந்தார். முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. கட்டிலருகே நின்று மருமகளிடம் கேட்டார்.

"அது சொல்லுச்சே, நடந்தேன்னு. மாசி மாசம் எனக்குப் போன் போட்டு, பிள்ள நடக்குறான்னு சொன்னியே, அந்த நாளா?"

"அதே நாளு மாமா. அதுக்கு முந்தி ரெண்டு நாளு கண்ணே தொறக்கல."

"நான் அழகருக்கு முடி எறக்குறதா நேந்ததுதான் காரணம்னு நெனச்சேன். ஊரு முழுக்கச் சொல்லிட்டேன்." பிறகு, "ஒம்பது தடவையும் நீ ஒத்தையாவா இருந்த?" என்றார்.

சத்யப்ரியா தலையாட்டினாள். அதுவரை நடுங்காதவள் அந்தக் கேள்விக்கு உடைந்துவிட்டாள். பெரியவருக்குத் தேற்றத் தெரியவில்லை. ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காரு" என்றார்.

ரத்தப் பை வந்தது. ஏற்றுவதற்கு முன் பையிலுள்ள எண்ணும் படிவத்திலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இரண்டு நர்சுகள் சேர்ந்து பார்க்கவேண்டும். பார்த்தார்கள். அதற்குப் பிறகு குடும்பத்தில் ஒருவரையும் வாசிக்கவைப்பது ஹம்சவேணியின் வழக்கம். இன்னும் இரண்டு கண் இருந்தால் நல்லதுதானே என்பது அவர் கட்சி. பையை நல்லகாமனிடம் நீட்டினார். "ஐயா, இதைப் பிடிச்சு நம்பரை வாசிங்க."

பெரியவரின் கை வேட்டி மடிப்பிலேயே இருந்தது. "அந்த மேசைல வைங்க. பாத்துச் சொல்றேன்."

ஹம்சவேணி வைக்கவில்லை. கை நீட்டியபடியே நின்றார். அவருடைய வேலையில் கை வலிக்க நிற்பது புதிதல்ல. அஸ்வினி, "வாங்குங்க தாத்தா, சில்லுன்னு இருக்கும்" என்றாள்.

நல்லகாமன் இரண்டு கையாலும் வாங்கினார். தட்டில் வைத்த பூவைப்போல ஏந்திக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். சரியாக இருந்தது.

இயந்திரம் சுழலத் தொடங்கியபோது மணி பத்தரை. குழாய்கள் சிவந்தன. மேலே தொங்கிய சிறு பையில் தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு திரவம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நிறம் கொஞ்சம் அடர்ந்தாலோ வெளுத்தாலோ ஹம்சவேணி ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்வார். கூடவே நிறங்களை ஒட்டிய ஓர் அட்டை உண்டு, அவருக்கு அது தேவைப்பட்டதில்லை. சாயப்பட்டறைக்காரர் மகள்.

"உதட்டுல எறும்பு ஊருதா?" என்று கால் மணிக்கு ஒரு தடவை கேட்டார். ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்து உடம்பின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். உதடு குறுகுறுத்தால் அதுதான் முதல் அறிகுறி. மூன்றாவது தடவை அஸ்வினி, "ரெண்டே ரெண்டு எறும்பு" என்றாள். கால்சியம் சேர்த்ததும் எறும்புகள் போய்விட்டன.

"சிஸ்டர், இன்னிக்கு வந்தது யாருன்னு சொல்லவே இல்ல."

ஹம்சவேணிக்குக் காலையில் பட்டது போதும். "இன்னிக்கு உங்க தாத்தா சொல்லட்டும்" என்று தள்ளிவிட்டார்.

நல்லகாமன் பேத்தியின் பாதத்தை மறுபடி பிடித்துக்கொண்டார். மறந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தபோது, "சோலை" என்றார்.

"சோலை என்ன வேலை பாக்குறாரு?"

"கெணறு வெட்டுற ஆளு. ஒங்கப்பன் ஆறு வயசுல நம்ம தோட்டத்துக் கெணத்துல விழுந்துட்டான். சோலை ஒரே குதி. தூக்கிட்டுப் படி ஏறி வந்தான்."

"அப்பா செத்துப் போகலயா?"

"போகலயே. அதான் நீ இருக்க."

அஸ்வினிக்குத் திருப்தி. கண்ணை மூடிச் சோலையை உள்ளே இறங்கவிட்டாள். அவள் தூங்கிய பிறகு பெரியவர் ஹம்சவேணியிடம், மிகத் தாழ்ந்த குரலில் மிச்சத்தைச் சொன்னார்.

"மேல வந்து பிள்ளைய எங்கிட்ட நீட்டுனான் தாயி. நான் கைய நீட்டல. கீழ வையின்னு சொன்னேன். ஈரத்தோட மண்ணுல வச்சான். அதுக்கப்பறந்தான் நான் தூக்குனேன்."

ஹம்சவேணி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பதில்கள் இருந்தன, எல்லாமே சரியான பதில்கள். பொத்தானை ஒரு தடவை அழுத்தினார்.

ஒரு மணிக்குச் சூரியபிரகாஷ் முழங்கை மடிப்பில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "மாமா, நாங்க ஆறு பேரு கீழ ரத்தம் குடுத்துட்டோம். நாலு பேரு, யாருக்கோ எதுக்குக் குடுக்கணும்னு டீ குடிக்கப் போயிட்டாய்ங்க. சிஸ்டர், எங்களது யாருக்குப் போகும்?"

"கேக்கக் கூடாது தம்பி."

"அதத்தான் கீழயும் சொன்னாக." தலையைச் சொறிந்தான். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

நல்லகாமன் அவனைப் பார்த்தார். "மாப்ள, சோலை மகன் ஒன்னோட படிச்சவன்தான? அவன் நம்பரு இருக்கா?"

"இருக்கு. போடவா?"

பெரியவர் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். "இப்ப வேணாம். எழுதி மட்டும் குடு." காலையில் மடித்து வைத்த காகிதத்தை எடுத்து, அந்தப் பத்துப் பெயர்களுக்குக் கீழே எழுதவைத்து வாங்கிக்கொண்டார். அதன்பிறகு கூப்பிட்டாரா என்று ஹம்சவேணிக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை.

மூன்று மணிக்கு இயந்திரம் நின்றது. மாலையில் எண் வந்தது: வேண்டியதற்கு மேலேயே செல்கள் கிடைத்திருந்தன. இரண்டாவது நாள் தேவையில்லை. "போதுமா?" என்று நல்லகாமன் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஹம்சவேணி, "போதும் ஐயா" என்றார். அன்று வீட்டுக்குப் போனதும் கணவர் ரவிசங்கர் வழக்கம்போல, "இன்னிக்கு யாரு யாரைக் கூட்டிவந்த?" என்று கேட்டார். "கெணறு வெட்டுற ஒருத்தரை. நான் கூட்டி வரலை" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

ஆடியில் அந்த மூல செல் பை திரும்பி வந்தது. கடும் மருந்து முடிந்து, அஸ்வினி கண்ணாடி அறைக்குள் தனியாக இருந்தாள். வாய் முழுக்கப் புண், பேச்சு குழறியது. கண்ணாடிக்கு வெளியே சத்யப்ரியாவும் நல்லகாமனும் நின்றார்கள். உறைந்திருந்த பையை வெந்நீரில் இளக்கி ஹம்சவேணி உள்ளே கொண்டுபோனார்.

"இன்னிக்கு யாரு சிஸ்டர்?"

"இன்னிக்கு அஸ்வினி."

பிள்ளை நம்பவில்லை. "நானா?"

"நீயேதான். அன்னிக்கு ஒரு வெள்ளிக்கிழமை கதவத் தெறந்துவிட்டோம்ல, அந்த ஆளுங்க. ஊரு சுத்திட்டு வீட்டுக்கு வராங்க."

அஸ்வினி யோசித்தாள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. "அப்ப நான் என்ன வேலை பாக்குறேன்?"

பதினாறு வருடமாக ஊரில் உள்ள எல்லாருக்கும் வேலை கொடுத்த ஹம்சவேணி இந்த வேலையை அவளிடமே விட்டார். "நீயே சொல்லு" என்று குழாயைத் திறந்துவிட்டார். செல்கள் உறையும்போது சிதையாமலிருக்கச் சேர்த்த மருந்துக்கு ஒரு வாடை உண்டு. ஏறத் தொடங்கிய சில நிமிடத்தில் அது மூச்சில் வரும், அறை முழுக்கப் பரவும். அஸ்வினி மூக்கைச் சுளித்தாள், தன் கையை முகர்ந்தாள், தோளை முகர்ந்தாள்.

"பூண்டு வாடை அடிக்குது."

"ஆமா, அடிக்கும்."

"அப்ப நான் பூண்டு யாவாரி" என்றாள் அஸ்வினி. சொல்லிவிட்டு, புண் வலிக்க வலிக்கச் சத்தமாக, கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் தாத்தாவுக்குக் கேட்கட்டும் என்று மறுபடியும் கூவினாள். "பூண்டே... பூண்டு..."

நல்லகாமனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என்னவோ வேண்டும்போல என்று நினைத்து, கண்ணாடியின் இந்தப் பக்கம் இரண்டு கையையும் நீட்டினார்.